காலி ஆணி

பேச்சித்தாயின் தீயணைப்புப் படை எந்த வீட்டுத் தீயை அணைத்தாலும், அந்த வீட்டுக்காரர் கரிந்த பொருள் ஒன்றைக் கொண்டுவந்து படையின் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போகவேண்டும். முப்பது வருஷமாக ஊரில் அதுதான் வழக்கம். படையைக் கலைக்கச் சொல்லும் உத்தரவோடு வந்திருந்த அதிகாரி, "இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க? பதிவேட்டை எடுங்க" என்றார். பேச்சித்தாய் சுவரைக் காட்டினாள். உருகிய ரேடியோ, கருகிய மாட்டுக்கயிறு, பாதி எரிந்த தொட்டில் கம்பு.

"இந்தத் தொட்டில்ல கெடந்தவதான் இப்ப எங்க படையில தண்ணிக் குழாயப் பிடிக்கா."

"இதெல்லாம் ஆதாரமாம்மா? டவுன்ல புது ஸ்டேஷன் வந்தாச்சு. போன் போட்டா அரைமணி நேரத்துல வண்டி வந்துடும்."

"வரட்டும் சார். அதுவரைக்கும் காத்திருன்னு கூரைகிட்ட யாரு சொல்றது?"

அதிகாரி உத்தரவையும் பேனாவையும் நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். பேச்சித்தாய் பேனாவை வாங்கவில்லை. சுத்தியலை எடுத்து, தொட்டில் கம்புக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் புதிதாக ஓர் ஆணியை அடித்தாள். நாலே அடி. சுவரிலிருந்து கரித்தூள் உதிர்ந்து அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் படிந்தது.

"இது யாருக்கு?" என்றார் அவர்.

"ஒங்க ஸ்டேஷனுக்கு சார். தீப்பிடிச்சா ஒரு சத்தம் குடுங்க, வந்துருதோம்."