ஆறு ஸ்க்ரூ

“களவாணிப்பய! ஸ்க்ரூவைக்கூட விட்டுவைக்கலம்மா!”

செண்பகம் போனில் போட்ட சத்தம் முத்தையாபுரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். மறுமுனையில் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவுப் பெண்.

செண்பகத்தின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, முந்திரி சேர்த்து, வீட்டிலேயே மக்ரூன் போட்டு விற்கிறவள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு முப்பது கிலோ ஆர்டர். முதல் பெரிய ஆர்டர். இந்த நேரம் பார்த்து முட்டை அடிக்கிற மெஷின் படுத்துவிட்டது. கையால் அடித்தால் அத்தனைக்கும் நுரை நிற்குமா? சொன்ன சொல் தவறினால் அடுத்து எவன் ஆர்டர் கொடுப்பான்?

கம்பெனியிலிருந்து வந்த சிவப்பிரகாஷ் ஒரு மணி நேரம் மெஷினோடு மல்லுக்கட்டினான். பாவமே என்று காப்பியும் போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்து, “போர்டு போச்சுக்கா. இந்த மாடலுக்கு இப்ப போர்டு வாரதில்ல. புதுசுதான் வாங்கணும்னு கம்பெனில சொல்லச் சொல்லுதாங்க” என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் மெஷினின் முதுகைப் பார்த்தாள். ஆயுத பூஜைக்கு அங்கிருந்த ஆறு ஸ்க்ரூவுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருந்தாள். ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. கம்பெனி ஸ்க்ரூ ஆறும் போய், சாதாரண ஸ்க்ரூ ஆறு பல்லைக் காட்டின.

“வச்ச பொட்டோட உருவிட்டு, என் மெஷினை மூளியாக்கிட்டுப் போயிட்டாம்மா!”

“கம்பெனி ஸ்க்ரூவை மாத்தினா வேலையே போயிடும் மேடம். மேனேஜர் உங்களைக் கூப்பிடுவார்.”

“போகட்டும்! நல்லாப் போகட்டும்!”

ஆத்திரம் அடங்காமலே மெஷினை ஆட்டோவில் ஏற்றி, பால்துரை அண்ணாச்சியின் ரிப்பேர் கடையில் இறக்கினாள்.

அண்ணாச்சி தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டினார். “ஏளா, இதுவா? இதே மாடல் போன மாசம் ரெண்டு வந்துது. தொறக்கவே முடியல. திருப்பி அனுப்பிட்டேன்.”

“கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

மெஷினைத் திருப்பினார். ஒவ்வொரு ஸ்க்ரூவாக விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் சாதாரண ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஆறும் வழுக்கிக்கொண்டு வந்தன.

உள்ளே சுண்டுவிரல் நகம் அளவு சாமான் ஒன்று உப்பிப் போயிருந்தது. அதை மாற்றினார். பத்து நிமிடத்தில் மெஷின் ‘விர்’ரென்று சுற்றியது.

செண்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்தக் களவாணி, போர்டு போச்சுன்னு சொன்னானே அண்ணாச்சி!”

“யாரு களவாணி?”

ஸ்க்ரூ கதையைச் சொன்னாள்.

“அடிப் பைத்தியக்காரி! அந்தக் கம்பெனி ஸ்க்ரூவைச் சும்மா குடுத்தாக்கூட எவனும் வாங்க மாட்டான். அதைக் கழத்துத கருவி கம்பெனிக்காரங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு. நெம்பினா உள்ள போர்டு ஒடஞ்சிரும். வெளிய யாரும் தொறக்கக் கூடாதுன்னே போட்ட பூட்டு அது. இந்தா பாரு, அளவு பாத்து, எண்ணெய் தொட்டு மாட்டிருக்கான். ஒரு மணி நேரம் அவன் பாத்த வேலை இதுதான். வாயால சொல்ல முடியாததைக் கையால சொல்லிட்டுப் போயிருக்காம்ளா!”

செண்பகத்துக்கு, காப்பியைக் குடித்துவிட்டுத் தலை நிமிராமல் போன அந்த முகம் நினைவுக்கு வந்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டோம்!

போன் அடித்தது. கம்பெனி மேனேஜர்.

“மேடம், ஸ்க்ரூவை மாத்தினது சிவப்பிரகாஷ்தானே? நீங்க ‘ஆமா’ன்னு சொன்னாப் போதும். இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடுவோம்.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாத செண்பகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அந்தத் தம்பி தொடவே இல்ல சார், நான்தான் மாத்துனேன். என் மெஷினைத் தொறக்க நான் யாருகிட்டக் கேக்கணும்?”