பத்தாவதாக வந்தவள்

திண்டிவனம் பள்ளியின் ஓட்டு இடுக்கு வழியே வெயில் விழுகிறது. பத்துப் பேருக்குக் குறைந்தால் உருது வகுப்பை மூடச் சொல்லி சர்க்கார் உத்தரவு. ஒரு பெண் ஊர் மாறிப் போனதில் ஒன்பதுதான் மிச்சம். தோழி மெஹருன்னிசாவுக்காக இன்று காலை சேர்ந்த பாஞ்சாலி பத்தாவதாக நிற்கிறாள். ஜமீலா டீச்சரின் விரல்களுக்குள் சாக்பீஸ் நொறுங்குகிறது.

"உருதுல ஒரு வார்த்தை சொல்லும்மா" என்கிறார் தலை எண்ண வந்திருக்கும் பள்ளி இன்ஸ்பெக்டர். பாஞ்சாலி பாவாடையைத் திருகுகிறாள். "தெரியாதுங்க சார், இன்னிக்குத்தான் வந்தேன். ஜல்தி வுடுங்க, கொல்லையில மல்லாட்டைக் காய் ஆயப் போவணும். லேட்டானா எங்கம்மாவோட பேஜாரு."

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரிக்கிறார். "ஜல்தி, பேஜாரு! உருதுல ஒண்ணு கேட்டா ரெண்டு சொல்லிட்டியே!" பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடுகிறார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். வகுப்பே கைதட்டுகிறது.

"நான் இன்னாடி சொன்னேன்?" என்று மெஹருன்னிசாவின் காதைக் கடிக்கிறாள் பாஞ்சாலி.