வெள்ளிக்கிழமைப் பாடம்

கம்ப்யூட்டரை டெலிபோன் கம்பியோடு இணைக்கும் மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னியது. லைனில் அழைப்பு வந்துவிட்டது.

"வந்துட்டு" என்றார் கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர் பொன்னுராஜ்.

மோடம் தானாகவே லைனை எடுத்துக்கொண்டு 'கீ' என்று கத்தத் தொடங்கியது. பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

ராஜபாளையம் கல்லூரி காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் பாடத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். அங்கிருந்து கூப்பிட்டால், டெலிபோன் கம்பி வழியாகவே பாடம் இங்கே வந்து இறங்கிவிடுமாம். தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் அது அதிசயம்தான்.

மோடம் கத்தி ஓய்ந்தது. இணைப்பு இல்லை என்று திரை சொன்னது.

பொன்னுராஜுக்கு எரிச்சல் தாங்கவில்லை. பாடத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு லைன். பாடம் வந்து முடிந்தால்தான் ஒயரை மோடத்திலிருந்து பிடுங்கி டெலிபோனில் மாட்டலாம். மாட்டினால்தான் மகளோடு பேசலாம்.

மகள் முத்துக்கனி தன்னோடு வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு டெலிபோனுக்குக் கூப்பிட்டாள். 'அப்பா' என்ற குரல் காதில் விழுந்ததும் பொன்னுராஜ் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார். அன்றைக்கு அது பெரிய வீறாப்பாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவர் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசை. தோழியிடம் சொல்லியனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிடுவாளாம். அப்பா வாயால் 'வா' என்று ஒரு சொல் சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாளாம். இல்லையென்றால் இனிமேல் கூப்பிடவே மாட்டாளாம்.

கல்லூரி ஆபீசில் எல்லாருக்கும் காது நீளம் என்று, இந்த அறை நம்பரைக் கொடுக்கச் சொன்னவர் பொன்னுராஜ்தான். அவர் மனைவி அழகுத்தாய் காலையிலேயே பின்கட்டு அறையைக் கழுவிவிட்டு, பழைய நூல் சேலைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அவரும் சைக்கிளில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

புதன்கிழமை வர வேண்டிய பாடம், கரண்ட் இல்லாமல் இன்றைக்குத் தள்ளிப்போய் அவர் உயிரை வாங்கியது.

விளக்கு மறுபடியும் மின்னியது. மறுபடியும் அதே கத்தல். பையன்கள் கத்தலைத் திருப்பிக் கத்திக் காட்டிச் சிரித்தார்கள். இணைப்பு இல்லை.

ராஜபாளையத்திலிருந்து பாடம் அனுப்புகிற ஐயாதுரையை மனசுக்குள் வண்டை வண்டையாகத் திட்டினார். சீக்கிரம் அனுப்பித் தொலையப்பா, என் பிள்ளை கூப்பிடுகிற நேரம் ஆயிற்று.

மூன்றாவது தடவை மின்னியபோது, மோடத்துக்குப் பக்கத்தில் இருந்த மாணவி வெள்ளத்தாய் காதைச் சாய்த்தாள்.

"சார், உள்ள யாரோ பேசுத மாதிரி கேக்கு."

"அது லைன் இரைச்சல். சும்மா இரும்மா."

சொல்லிவிட்டு, இரைச்சல் கேட்காதபடி மோடத்தின் சத்தத்தையும் குறைத்துவிட்டார்.

அப்புறம் விளக்கு மின்னவே இல்லை.

அவர் வாசலையும் மோடத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஐயாதுரையே வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். கையில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் பிளாப்பிகள்.

"கோவிச்சுக்கிடாதீய அண்ணே. எங்க போனு காலையில இருந்தே செத்துக் கெடக்கு. ஒரு தடவகூட ஒங்களக் கூப்பிட முடியல. அதான் பாடத்த இதுல ஏத்திக்கிட்டு பஸ்ஸப் பிடிச்சு வாரேன்."



பொன்னுராஜ் ஒயரைப் பிடுங்கினார். டெலிபோனில் மாட்டினார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். 'கொர்' என்ற சத்தம் மட்டும் வந்தது. மெதுவாக வைத்தார்.

வெள்ளத்தாயிடம் போய் நின்றார். அவள் தன்னைத்தான் திட்டப்போகிறார் என்று பயந்து எழுந்துவிட்டாள்.

"உள்ள என்னம்மா கேட்டுச்சு?"



"'அப்பா, வச்சிராதீங்க'ன்னு கேட்டுச்சு சார்."