பென் டிரைவோடு வந்தவர்

ஓட்டல் அறையில் ஆடியோ கண்காட்சி. ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு விறைப்பாக நின்றிருந்தன. காலையிலிருந்து ஒரே பாட்டுதான். ஒரு பெண் மெல்லப் பாடுவாள், கூடவே ஒரு கிடார். வந்தவர்களெல்லாம் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்.

"முதலாளி வேற பாட்டே போட மாட்டாரா?" என்று சலித்துக்கொண்டது வலது ஸ்பீக்கர்.

"போட்டுடக் கூடாதுன்னு வேண்டிக்கோ," என்றது இடது ஸ்பீக்கர். "லாரி குலுங்கினதுல எனக்குள்ள அதிர்ந்து சத்தம் எழுப்புற காகிதம் கிழிஞ்சிடுச்சு. பாட்டுல மேள அடி பலமா விழுந்தா கரகரன்னு மானத்தை வாங்கிடும். முதலாளிக்கும் தெரியும்."

அப்போது ஒருவர் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார்.

"எங்க ஊர்த் தவில் சார். நானே பதிவு பண்ணது. இதைப் போடுங்களேன்."

முதலாளி வேலாயுதம் சிரித்தபடியே வியர்த்தார்.

"ஆம்ப்ளிஃபயர் இன்னும் சூடாகலை சார், சூடானாத்தான் தவில் நல்லா கேட்கும். சாயங்காலம் வாங்க."

"தப்பிச்சோம்டா," என்றது வலது ஸ்பீக்கர்.

வந்தவர் எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கிச் சாய்ந்துகொண்டார்.

"நல்லா சூடாகட்டும் சார். எனக்கு வேற வேலை இல்லை."