வேட்பாளரின் வண்டி

"வண்டியை நிறுத்துங்க!"

ஜெபசுதா ரோட்டின் நடுவில் வந்து நின்றாள். பிரேக் அலற, லோடு ஆட்டோ அவளை இடிக்காத குறையாக நின்றது.

அவள் நாசரேத்தில் டீச்சர். நேர்மையான தேர்தலுக்காகப் பாடுபடும் மக்கள் குழு ஒன்றின் சார்பில் இந்தக் கடற்கரைக் கிராமத்துக்கு வந்திருந்தாள். காலையிலிருந்து வெயிலில் நின்றதற்கு இப்போதுதான் ஒருவன் கையும் களவுமாகச் சிக்கினான்.

அதுவும் யார்? பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிற்கும் கிங்ஸ்டன்! வண்டியை ஓட்டி வந்ததே அவன்தான். பின்னால், விரித்த பாயில், கால்கள் இரண்டும் விளங்காத ஒரு மனிதர்.

"வேட்பாளரே வண்டி வச்சு ஓட்டுப் போட ஆள் கூட்டிட்டு வாரீங்களா? இது குற்றம்னு தெரியாதா?"

"தெரியும் டீச்சர். தொம்மை அண்ணன் சங்கு குளிக்கக் கடல்ல முங்குன இடத்துல கால் ரெண்டும் முடங்கிருச்சு. வீட்டுல கூட்டிட்டு வர ஆள் இல்ல."

"வீல் சேர் கேட்டிருக்கலாமே?"

"கேட்டோம். கடக்கரை மணல்ல சக்கரம் உருள மாட்டேங்கு."

"காரணமெல்லாம் தேர்தல் பறக்கும் படைகிட்ட சொல்லுங்க. வந்துக்கிட்டு இருக்காங்க." அவள் செல்போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது.

"ஏளா, வழிய விடு!" கிங்ஸ்டனின் ஆள் ஒருவன் போனைப் பறிக்கப் பாய்ந்தான். ஜெபசுதா ஓரடி பின்னால் நகர்ந்தாள். ஆனாலும் போனை இறக்கவில்லை.

"ஏலே! டீச்சர் மேல கை பட்டுச்சு, தொலைச்சிருவேன்!" கிங்ஸ்டன் போட்ட சத்தத்தில் அவன் பின்வாங்கினான்.

எதிரே பள்ளிக்கூட வாக்குச்சாவடியில், நேரம் முடிந்ததென்று போலீஸ்காரர் கேட்டைச் சாத்தப் போனார்.

கிங்ஸ்டன் கீழே குதித்தான். "வண்டிய வச்சுக்கோங்க. கேஸும் போடுங்க. அண்ணன் ஓட்டு வீணாப் போயிரக் கூடாது!"

தொம்மையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். சாத்தப்போன கேட்டுக்குள் எப்படியோ நுழைந்துவிட்டான்.

திரும்பி வரும்போது தொம்மையின் விரலில் மை இருந்தது. வாசலில் பறக்கும் படையின் ஜீப்பும் நின்றது.

அதிகாரி ஜெபசுதாவிடம் பேனாவை நீட்டினார். "புகாரை எழுதிக் குடுங்க மேடம். நிரூபணமாச்சுன்னா, இவரு ஜெயிச்சாலும் பதவி நிலைக்காது."

கிங்ஸ்டன் தோளில் இருந்த தொம்மையை மெல்ல வாசல் திண்டில் உட்கார வைத்தான்.

ஜெபசுதா தொம்மையிடம் குனிந்தாள். "பயப்படாமச் சொல்லுங்க அண்ணாச்சி. உங்களைத் தூக்கிட்டு வந்ததுக்கு இவருகிட்ட என்ன வாக்குக் குடுத்தீங்க?"

"வாக்கா?" தொம்மை அவளை நிமிர்ந்து பார்த்தார். "'உன்னய எதுத்து நிக்கவனுக்குத்தாம்லே போடுவேன்'னு வீட்டு வாசல்லயே சொல்லிட்டேன். 'யாருக்கு வேணும்னாலும் போடும், வந்து போடும்'னு இவந்தாம்மா தூக்கிட்டு வந்தான்."