ஓட்டையைக் காணோம்

மாலை மாட்டப் போன ரோஸ்வித்தா, சுவரின் முன்னால் மாலையோடு அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் ஊர் சமாதானக் குழுவின் தலைவி அவள்.

கூரையில்லாத எங்கள் தேவாலயத்தில் நாங்கள் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தது அந்த ஓட்டையைத்தான். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர் போட்ட குண்டு துளைத்த ஓட்டை. மழையில் பெரிதாகிவிடாமலும் பாசி அடைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள அரசாங்கமே ஆள் அனுப்பும். ஒவ்வொரு நினைவு நாளிலும் மேயர் அதன் முன்னால் நின்றுதான் பேசுவார்.

இப்போது அந்த இடத்தில் செங்கல்.

மூலையில் காட்சிக்குக் குவித்திருந்த இடிபாட்டிலிருந்தே எடுத்து, நூல் பிடித்தது போல யாரோ கட்டியிருந்தார்கள். நினைவு நாள் ஏற்பாடுகளுக்காக இரண்டு நாளாகக் கதவைப் பூட்டி வைத்திருந்தோம். சாவி, வழக்கம்போல, விருந்தினர் அறை ஆணியில்.

"நாசமாப் போறவன்," என்றாள் ரோஸ்வித்தா. சமாதானத் தலைவியானபின் அவள் சபித்து நான் கேட்டதில்லை.

மேயர் வருவதற்குள் உடைத்தாக வேண்டும். ஆனால் சுத்தியலைத் தொட எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. சமாதானக் குழு கோயிலை இடித்தது என்று நாளைக்குப் பத்திரிகையில் வந்தால் மானம் போய்விடும்.

யார் உடைப்பது என்று வாக்கெடுப்பு நடத்தினோம். நாங்கள் காபிக்குச் சர்க்கரை போடுவதற்கே வாக்கெடுப்பு நடத்துகிறவர்கள்.

எல்லாக் கைகளும் நெவிலுக்காக உயர்ந்தன.

நெவில் இங்கிலாந்திலிருந்து வருடாவருடம் வரும் விருந்தாளி. அவருடைய அப்பா அன்று குண்டு போட வந்த விமானம் ஒன்றில் இருந்தவர். சாகும்போது, 'நான் உடைச்சத நீ சரி பண்ணிடுடா' என்றாராம். போன வருடம் நெவில் இதை மேடையில் சொன்னபோது ஊரே அழுதது. குண்டு போட்டவரின் மகன் என்றுதான் அவரை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவோம். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

ரோஸ்வித்தா சுத்தியலை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"போன தடவ உங்காளுங்க எங்களக் கேக்காம செஞ்சாங்க, நெவில். இந்தத் தடவ நாங்களே கேக்குறோம். உடைச்சிக் குடுங்க."

அவர் வெகுநேரம் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அப்பாவை நினைத்துக்கொள்கிறார் என்று நாங்கள் தலை குனிந்து நின்றோம்.

பிறகு ஓங்கி ஒரு அடி. ஒரு செங்கல்கூட அசையவில்லை.

"எந்தப் பாவியோ, கட்டினத மட்டும் ஒழுங்காக் கட்டியிருக்கான்," என்றாள் ரோஸ்வித்தா.

"நன்றி," என்றார் நெவில்.

பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் அது கேட்டது. கண்ணைத் துடைத்த அவர் கையைப் பார்த்தேன். நகக்கண் முழுக்க சிமெண்டு காய்ந்திருந்தது.

அவர் மறுபடியும் சுத்தியலை ஓங்கினார்.