பென்சில் பிரிண்ட்

"பேக பேக, சீக்கிரம் ஆகட்டும் பழனி! மழை வரதுக்குள்ள பானெட்டை மூடு!"

கேசவமூர்த்தி கேட்டுக்கும் காருக்குமாக இருபதாவது தடவை நடந்தார். வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. குவெம்புநகரே ஞாயிற்றுக்கிழமை வெயிலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது.

போர்ட்டிகோவில் மூன்று கால் இரும்பு ஸ்டாண்டிலிருந்து, சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது மாற்று எஞ்சின். காரின் சொந்த எஞ்சின் உயிரை விட்டு மூலையில் எண்ணெய் ஒழுகக் கிடந்தது. வீட்டுக்கே வந்து வேலை செய்யும் ஹனூர்க்கார மெக்கானிக் பழனி, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இறக்கிக்கொண்டிருந்தார்.

"அவசரப்பட்டா கை போயிருமுங்க சார். செத்த அப்படி உக்காருங்க."

உட்காரத்தான் மனிதரால் முடியவில்லை. மறுநாள் மேல்கோட்டையில் மாமனாருக்குச் சதாபிஷேகம். சாயங்காலமே கிளம்பியாக வேண்டும், பட்சணக் கூடைகள் வேறு ஹாலில் காத்திருந்தன.

ஆனாலும் காலை எட்டு மணி வரைக்கும் கேசவமூர்த்தி நிம்மதியாக இரண்டாவது காபி குடித்தவர்தான். பழனி தார்ப்பாயை விலக்கி எஞ்சினைக் காட்டிய பிறகுதான் இந்த நடை ஆரம்பித்தது. எஞ்சினின் பக்கவாட்டில் வெள்ளையும் சிவப்புமாக ஏதோ பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தது. துணியைப் பெட்ரோலில் நனைத்துத் தேய் தேய் என்று தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"பழசுன்னா இவ்வளவு அழுக்காவா கொண்டு வரது?" என்று பழனி மேல் பாய்ந்தார்.

வத்ஸலா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் வித்தியாசம் தெரியாதவள், இந்த எஞ்சினைத் தேட மட்டும் பழனியோடு பழைய இரும்பு வாங்கி விற்கும் குஜரிக் கடைகளை எல்லாம் சுற்றிவிட்டு வந்திருந்தாள். நாள் நெருங்குகிறதே என்ற கவலை என்றுதான் கேசவமூர்த்தி நினைத்தார்.

"ஏன்னா, வாமனையும் நம்ம கார்லயே அழைச்சிண்டு போயிடலாமா?"

கேசவமூர்த்தியின் நடை நின்றது.

வாமன் அவளுடைய ஒரே தம்பி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா தன் காரை, மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டும், வாமனுக்குத்தான் கொடுத்தார். அந்த வீம்பில் கேசவமூர்த்தி அதே மாடலில் ஒரு பழைய காரை வாங்கி இன்றுவரை ஓட்டுகிறார்.

வாமனுக்குக் கார் மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோயில் வாசலில் நிறுத்திவிட்டுப் பெருமாளைச் சேவித்து வந்து பார்த்தால் காணோம். பூட்டிய சாவி கையில் இருக்கிறது என்று அவன் காட்டியும் அப்பா நம்பவில்லை. வண்டியை விற்றுத் தின்றுவிட்டு நாடகம் ஆடுகிறாய், இனி என் முகத்தில் முழிக்காதே என்று விரட்டிவிட்டார். போலீஸ் கீலீஸ் என்று போனால் குடும்ப மானம் போய்விடும் என்று இருவரையும் அடக்கி வைத்தவர் கேசவமூர்த்திதான்.

"அவனை உங்கப்பா மண்டபத்துக்குள்ள விடுவாரா? எண்பது வயசுல அவருக்கு பி.பி. ஏறணுமா? சும்மா இரு வத்ஸலா."

"நேத்து ஃபோன்ல அழுதான். தூர நின்னாவது அப்பாவை ஒரு தடவை சேவிச்சுட்டுப் போயிடறேங்கறான்." ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறவள் அவள்.

"நாளைக்கு வேண்டாம். அப்புறம் பாத்துக்கலாம்."

'டங்' என்று எஞ்சின் இடத்தில் உட்கார்ந்தது. பழனி ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"ஆச்சுங்க. எஞ்சின் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்துக்கிட்டா மூடிரலாமுங்க. ஆர்.சி.யில மாத்தறதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேப்பாங்க."

"அதெல்லாம் மேல்கோட்டை போயிட்டு வந்து எடுத்துக்கலாம். மூடு, மூடு!"

"இருங்கோ" என்று வத்ஸலா எழுந்தாள். கையில் வெள்ளைத் தாளும் பென்சிலும் தயாராக இருந்தன. எஞ்சினில் எண் வெட்டியிருந்த இடத்தில் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். கறுப்புக்கு நடுவே எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

இடுப்பில் செருகியிருந்த பர்ஸிலிருந்து ஒரு பழைய ஆர்.சி. ஜெராக்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா கார் நம்பர்."

கேசவமூர்த்தி பானெட்டை மூடக் கை நீட்டினார். "அப்.. அப்படியா! எவனோ திருட்டுப் பய குஜரில தள்ளிட்டுப் போயிருக்கான். இப்போ நாம என்ன பண்ண முடியும்?"

"ஆமாம், திருட்டுப் பயதான். காலைலேர்ந்து தேய்ச்சேளே, அது அப்பா ஆயுத பூஜைக்கு எஞ்சின்ல போட்ட நாமம். குஜரில பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுத்து."

பழனி ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு மெதுவாகக் கேட் பக்கம் நகர்ந்தார்.

"ஆர்.சி. இல்லாத வண்டியாச்சேன்னு பயந்துண்டு, வித்தவரோட லைசென்ஸைக் கடைக்காரர் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருந்தார். நாளைக்கு வாமன் அதை எடுத்துண்டுதான் அப்பாவைச் சேவிக்கப் போறான்."

வத்ஸலா இன்னொரு காகிதத்தைப் பிரித்துப் புருஷன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"போட்டோல நன்னா விழுந்திருக்கேள்."